சிறிய பள்ளிக்குத் தனிக் கோப்பையா?

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டுப் பந்தயங்களில் எல்லாப் பள்ளிகளும் ஒரே கோப்பைக்காக மோதவேண்டுமா? அல்லது பெரிய பள்ளி, நடுத்தரப் பள்ளி, சிறிய பள்ளி என்று பிரித்து, பிரிவுக்கு ஒரு கோப்பை வைக்கவேண்டுமா? மேலோட்டமாகக் கேட்டால், தேகப்பயிற்சி ஆசிரியர்கள் கூடித் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் போலத் தோன்றும். பங்குப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். ஆனால் இதற்குள்ளே மிகப் பழைய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவது நீதியா, அநீதியா? பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் எந்தக் குடும்பமும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது.

பிரிப்பது ஒன்றும் புதிய யோசனை அல்ல. நம் தென் மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் விடும் ஊர்களைப் பாருங்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகளை வகை பிரித்து, வகைக்கேற்ற தூரமும் வகைக்கொரு பரிசும் வைக்கிறார்கள். பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டு, “எல்லாம் மாடுதானே!” என்று சொல்லும் ஊர்ப் பெரியவர் எவரும் இல்லை. கபடியில் எடைக்கு வரம்பு உண்டு. நம் நாட்டுப் பள்ளிப் பந்தயங்களில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் உண்டு. ஆகவே, பிரிக்கலாமா என்பது வழக்கே அல்ல. எதை வைத்துப் பிரிப்பது, எதற்காகப் பிரிப்பது, எதுவரைக்கும் பிரிப்பது என்பதே வழக்கு. வயதையும் எடையையும் பார்ப்பது நியாயமென்றால், பள்ளியின் அளவையும் பார்ப்பது நியாயமா?

இதை வெறும் வாய்வாதமாக விடாமல் அனுபவத்தில் வைத்து ஆராய்வதற்கு, அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தைப் போல ஏற்ற இடம் கிடைப்பது அரிது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்துப் பந்தயம் நம் ஊர்த் தேர்த்திருவிழாவுக்குச் சமானம். ஆட்டம் நடக்கும் இரவில் சிற்றூர்களில் கடைகள் அடைபட்டுக் கிடக்கும்; ஊரே மைதானத்தில் இருக்கும். 1911-ம் ஆண்டு தொடங்கிய அம்மாநிலப் பந்தயம், 1997-ம் ஆண்டுவரை ஒரே பந்தயமாகவே நடந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் நகரப் பள்ளியானாலும், நூறு பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளியானாலும், போட்டியிடுவது ஒரே கோப்பைக்குத்தான். அந்த மாநிலத்தார் இதைத் தங்கள் பெருமையாகக் கருதினார்கள்.

அப்பெருமைக்கு முத்திரை வைத்தது 1954-ம் ஆண்டு. அந்த ஆண்டு 751 பள்ளிகள் பந்தயத்தில் இறங்கின. மைலன் என்ற சிற்றூரின் பள்ளியும் அவற்றில் ஒன்று. அதில் படித்த மாணவ மாணவிகள் மொத்தம் 161 பேர். அக்குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர் மார்வின் வுட் என்ற 26 வயது இளைஞர். மைலன் பள்ளி ஒவ்வொரு படியாக ஏறி, மார்ச் 20-ம் தேதி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது, தன்னைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பெரிய மன்ஸி சென்ட்ரல் பள்ளி. கடைசி ஆட்டப் பகுதியில் பாபி பிளம்ப் என்ற மாணவன் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நின்றான். புள்ளிகள் சமமாக நின்ற கடைசி விநாடிகளில் அவன் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 32-க்கு 30 என்ற கணக்கில் மைலன் வென்றது. தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையை அறிந்த எவருக்கும், இதைக் கேட்கும்போது உள்ளம் பொங்காமல் இராது. 1986-ம் ஆண்டு இதைத் தழுவித் திரைப்படம் ஒன்றும் வந்தது.

“பார்த்தீர்களா! பிரிவு வைத்திருந்தால் இந்த அற்புதம் நடந்திருக்குமா?” என்று ஒரே பந்தயத்தை ஆதரிப்பவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சின்னப் பிரிவில் சின்னப் பள்ளியை வென்றிருந்தால், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மைலன் என்ற பெயரை யார் நினைத்திருப்பார்கள்?

ஆனால் ஓர் அற்புதத்தைப் பார்த்துச் சட்டம் வகுப்பதற்கு முன், அந்த அற்புதத்தின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்ப்பது விவேகம். 1954-க்குப் பிறகு 1997 வரை 43 ஆண்டுகள் அந்த ஒரே பந்தயம் நடந்தது. அந்த 43 ஆண்டுகளில் மைலனைப் போன்ற சிறிய பள்ளி ஒன்றுகூடக் கோப்பையை வென்றதில்லை. ஒரு மைலன் வென்ற கதையைச் சொல்கிறோம். ஆண்டுதோறும் முதல் வாரத்திலேயே பெரிய பள்ளியிடம் தோற்று வீடு திரும்பிய நூற்றுக்கணக்கான மைலன்களின் கதையை யார் சொல்வது? லாட்டரிச் சீட்டில் ஒருவனுக்குப் பரிசு விழுந்தது என்பதற்காக, லாட்டரி ஏழைக்கு உதவும் ஏற்பாடு என்று நாம் சொல்லுவோமா?

கணக்கு எளிதானது. 160 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆண்பிள்ளைகள் 80 பேர் இருக்கலாம். 1,600 பேர் படிக்கும் பள்ளியில் 800 பேர் இருக்கலாம். களத்தில் இறங்குவதோ இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர். ஒரு பள்ளி 80 பேரில் ஐவரைத் தேடுகிறது. மற்றது 800 பேரில் ஐவரைத் தேடுகிறது. நெட்டையான பையன், வேகமான பையன், கண் குறி தப்பாத பையன் எந்தப் பள்ளியில் அதிகம் இருப்பான் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. சிறிய பள்ளிப் பையன் எவ்வளவு பிரயாசைப்பட்டாலும், தன் பள்ளியில் இன்னும் 720 பையன்களைக் கூட்ட முடியாது. அவனுடைய உழைப்பால் மாற்ற முடியாத காரணத்துக்காக அவன் தோற்கிறான்.

“தோல்வி பிள்ளைகளுக்கு நல்ல பாடமல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை, தோல்வி பாடந்தான். ஆனால் எல்லாத் தோல்வியும் ஒரே பாடத்தைப் போதிப்பதில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் வென்றிருக்கலாம் என்ற தோல்வி, பொறுமையையும் விடாமுயற்சியையும் போதிக்கும். என்ன முயன்றாலும் முடியாது என்ற தோல்வி, மெள்ள மெள்ளச் சோம்பலையும் அவநம்பிக்கையையும் போதிக்கும். வெற்றியும் அப்படியே. கஷ்டப்பட்டு அடைந்த வெற்றி மனிதனைத் தாழ்மையுள்ளவனாக்கும். எதிரி இல்லாமல் அடைந்த வெற்றி அவனை ஆங்காரியாக்கும். ஆகையால் பொருத்தமில்லாத ஆட்டத்தில் கெட்டுப்போவது எளியவன் மட்டுமல்ல, வலியவனுந்தான். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9-ம் அதிகாரத்தில், பந்தய வெளியில் ஓடுகிறவர்களை நமக்கு முன்மாதிரியாகக் காட்டி, பரிசைப் பெறும்படியாக ஓடச் சொல்லுகிறார். பரிசைப் பெறும் வழியே அடைபட்டிருக்கும் பந்தயத்தில் அப்படி ஓடு என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

“உலக வாழ்க்கையில் இப்படிப் பிரிவு வைத்துக் கொடுப்பவர் யார்? இப்போதே பழகிக்கொள்ளட்டும்” என்பது இன்னொரு வாதம். ஆனால் பள்ளிக்கூடம் வயல் அல்ல, நாற்றங்கால். நாற்றங்காலில் பயிரைக் காத்து வளர்ப்பது, அது வயலில் காற்றையும் மழையையும் தாங்கவேண்டும் என்பதற்காகவே. முளைவிடும்போதே வெள்ளத்தில் விட்டுப் பழக்கும் குடியானவன் இல்லை.

இப்படிப்பட்ட நியாயங்களை நெடுங்காலம் வாதித்த பிறகு, இந்தியானாவின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1996-ம் ஆண்டு ஒரு முடிவுக்கு வந்தது. 1997–98 பருவம் முதல், மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகள் நான்கு பிரிவாக்கப்பட்டன. ஒரு கோப்பைக்குப் பதில் நான்கு கோப்பைகள். பலர் கொதித்தெழுந்தார்கள். ‘தண்ணீர் ஊற்றிய பால்’ என்ற விதமாக அந்த நான்கு கோப்பைகளையும் பழித்தார்கள். பார்வையாளர் கூட்டமும் குறைந்தது. ஆனால் கூட்டம் குறைவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1959-ம் ஆண்டின் சட்டத்தை ஒட்டிச் சிறிய பள்ளிகள் பல ஒன்றாக இணைக்கப்பட்டு, பள்ளிகளின் தொகையே ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

சரி, கத்தோலிக்கர்களாகிய நாம் இதை எப்படி நிதானிப்பது?

வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் நீதியில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டுகிறார். வாங்கல் விற்றலில் உள்ள நீதி ஒன்று. அதில் ஆளைப் பார்க்கக்கூடாது. பணக்காரனானாலும் ஏழையானாலும் ஒரு படி அரிசிக்கு ஒரே விலைதான். பொதுவானதைப் பங்கிட்டுக் கொடுக்கும் நீதி மற்றொன்று. அதில் ஒரே அளவு என்பதல்ல, தகுந்த விகிதம் என்பதே நியாயம். வீட்டில் தாய் சோறு பரிமாறும்போது, தொட்டிலை விட்டிறங்கிய குழந்தைக்கும் ஏர் உழுது வந்த மகனுக்கும் ஒரே அளவாக வைப்பதில்லை. அதனால் அவளை ஓரவஞ்சனைக்காரி என்று எவரும் சொல்வதுமில்லை. விளையாடும் வாய்ப்பும், வெல்லும் வாய்ப்பும் பொதுவில் பங்கிடப்படுகிற பொருள்கள். அவற்றில் விகிதம் பார்ப்பது தவறல்ல.

இதைவிடத் தெளிவாக நம் ஆண்டவர் சேசுநாதர் சுவாமி சொன்ன தாலந்துகளின் உவமை விளக்குகிறது. அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரத்தில் அதைக் காணலாம். எஜமான் ஒருவனுக்கு ஐந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுக்கிறார். அவனவன் திறமைக்குத் தக்கபடி என்று சுவிசேஷமே குறிக்கிறது. அதாவது, பிரித்தவர் எஜமானே. பின்பு கணக்குக் கேட்கும்போது, ஐந்தை வைத்து ஐந்து சம்பாதித்தவனுக்கும் இரண்டை வைத்து இரண்டு சம்பாதித்தவனுக்கும் அவர் சொல்லும் பாராட்டுமொழி ஒன்றேதான். ஓர் எழுத்தும் குறையவில்லை. “உன்னுடையது சின்னப் பிரிவின் கோப்பை” என்று இரண்டாமவனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. சுமந்த சுமைக்கு ஏற்றபடி உண்மையாய் உழைத்தானா என்பதைத்தான் பார்த்தார். நான்கு கோப்பைகளைத் தண்ணீர் ஊற்றிய பால் என்று பழிப்பவர்கள், இந்த உவமையைச் சற்று ஆழமாகத் தியானிக்கவேண்டும்.

இதிலிருந்து நமக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. ஒரு பிரிவு நியாயமானதா என்று அறியவேண்டுமானால், அது சுமையை அளக்கிறதா, ஆளை அளக்கிறதா என்று கேட்கவேண்டும். சுமையை அளக்கும் பிரிவு நீதி. ஆளை அளக்கும் பிரிவு அநீதி.

இந்த உரைகல்லில் இந்தியானாவின் சரித்திரத்தையே உரைத்துப் பார்க்கலாம். ‘எல்லாருக்கும் ஒரே பந்தயம்’ என்று பெருமை பேசிய அந்த மாநிலத்தில், 1942-ம் ஆண்டுவரை எல்லாரும் அதில் சேர்க்கப்படவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும், கறுப்பு இனத்தாருக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகளுக்கும் அச்சங்கத்தில் இடமில்லை. பிள்ளைகளின் தொகையைப் பார்த்தோ பலத்தைப் பார்த்தோ செய்த பிரிவல்ல அது. வேதத்தையும் தோலின் நிறத்தையும் பார்த்துச் செய்த பிரிவு. சுமையை அளக்கவில்லை, ஆளை அளந்தது. கதவு திறந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1955-ல், இந்தியானாபோலிஸ் நகரத்துக் கறுப்பு இனப் பிள்ளைகளின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி அதே கோப்பையை வென்றது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆஸ்கர் ராபர்ட்சன் அக்குழுவில் ஆடிய மாணவன். முந்தின ஆண்டு மைலனிடம் தோற்ற குழுவும் இதுவே. அந்த வெற்றியையும் அவர்கள் மற்றவர்களைப் போல நகரத்தின் நடுவில் நின்று கொண்டாட முடியவில்லை. ஊர்வலத்தைக் கறுப்பு மக்கள் வாழும் பகுதிக்கே திருப்பிவிட்டார்கள். பிரிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். இங்கும் சாதி பார்த்துப் பந்தி பிரித்ததையும், கோவிலுக்குள்ளேயே இடம் பிரித்ததையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்னுமொரு சிக்கல் உண்டு. அது கத்தோலிக்கப் பள்ளிகளை நேரே தொடுவது. ஆகையால் நாம் மழுப்பக்கூடாது. அமெரிக்காவில் அரசாங்கப் பள்ளி தன் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளையே பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறது. கத்தோலிக்கப் பள்ளிக்கோ அத்தகைய எல்லை இல்லை. எங்கிருந்தும் பிள்ளைகள் வரலாம். ஆகவே 400 பேர் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியும், 400 பேர் படிக்கும் கிராமத்து அரசாங்கப் பள்ளியும், தொகையில் சமமானாலும் பலத்தில் சமமல்ல என்ற முறைப்பாடு எழுந்தது. இல்லினாய் மாநிலத்துச் சங்கம் 2005-ம் ஆண்டு ஒரு விதி செய்தது. எல்லையில்லாத பள்ளிகளின் மாணவர் தொகையை 1.65 என்ற எண்ணால் பெருக்கிக் கணக்கிடுவது என்பது அவ்விதி. அதன்படி 400 பேர் உள்ள பள்ளி 660 பேர் உள்ள பள்ளியாக எண்ணப்படும். பெரிய பள்ளிகளோடு ஆடவேண்டியதாகும். இந்தியானாவோ 2012-ம் ஆண்டு வேறு வழியைத் தீர்மானித்தது. தொடர்ந்து பெரும் வெற்றிகள் பெறும் குழுவை, அதன் பள்ளியில் எத்தனை பேர் படித்தாலும் சரி, மேற்பிரிவுக்கு உயர்த்திவிடுவது.

இவ்விரண்டு வழிகளையும் அதே உரைகல்லில் உரைப்போம். முதல் விதி, கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயருக்காகத் தண்டிப்பதாயிருந்தால், 1942-க்கு முந்தின அநீதியின் நிழல் அதில் விழும். எல்லையில்லை என்ற வசதியை மாத்திரம் கணக்கில் எடுப்பதாயிருந்தால், அது சுமையை அளப்பதே. ஆயினும் எல்லையில்லாத பள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல. நாடெங்கும் தேடி உயரமான பையன்களைச் சேர்க்கும் பள்ளியும் உண்டு. ஏழைப் பங்கின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கத் திண்டாடும் பள்ளியும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குவது, சமமில்லாதவற்றைச் சமமாக நடத்தும் பழைய குற்றத்தையே புதிதாய்ச் செய்வதாகும்.

இரண்டாவது விதி பலத்தையே நேராகப் பார்க்கிறது. ஆகவே ஆட்டங்கள் பொருத்தமாக அமையும். ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. கோப்பைகளை வென்ற பையன்கள் படிப்பு முடிந்து போய்விடுகிறார்கள். மேற்பிரிவில் போய் அடிபடுகிறவர்கள் அவர்களுக்குப் பின் வந்த இளைய பிள்ளைகள். அண்ணன் சம்பாதித்த புகழுக்குத் தம்பி வட்டி கட்டுவது நியாயமா? பள்ளி என்பது ஓராண்டுப் பிள்ளைகளின் கூட்டமல்ல. பயிற்சியாளரும், மைதானமும், ஊராரின் ஆதரவும், பழக்கமும் சேர்ந்த ஒரே சரீரம் என்று இதற்குப் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் பெரும்பகுதி உண்மை உண்டு. வென்ற பள்ளியைத் தேடித்தானே அடுத்த ஆண்டும் நல்ல ஆட்டக்காரர் வருகிறார்கள்? ஆனாலும் விதி செய்பவர்கள், வெற்றி போனபின் பாரத்தையும் சீக்கிரம் இறக்கிவிடக் கடமைப்பட்டவர்கள். அறுவடை முடிந்த நிலத்துக்குப் பழைய குத்தகையையே கேட்பது நீதியல்ல.

மனிதர் செய்யும் எந்தப் பிரிவும் குறையற்றதாக இராது. ஆகவே விதியினால் தீராத மீதியைப் புண்ணியத்தினால்தான் தீர்க்கவேண்டும். முக்கியமாக அது பலமுள்ளவர்களின் கடமை. அதிகம் கொடுக்கப்பட்டவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் என்று நம் ஆண்டவர் எச்சரித்திருப்பது பணத்தைப் பற்றி மாத்திரமல்ல. கத்தோலிக்கப் பள்ளி ஒன்று, கீழ்ப்பிரிவில் இருந்துகொண்டு எளிய கோப்பைகளை அலமாரியில் அடுக்குவதற்காகச் சட்டத்தின் சந்துபொந்துகளைத் தேடினால், அது சட்டப்படி சரியாயிருக்கலாம், சாட்சியத்தில் தோற்றுப்போகிறது. ‘எங்களுக்கு மேற்பிரிவே தகும்’ என்று தானாக முன்வரும் பள்ளி, ஆட்டத்தில் தோற்றாலும் தன் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இது நமக்குத் தூரத்துச் சங்கதியல்ல. நம் மேற்றிராசனங்களில் பழமையான பள்ளிகளுக்கு விசாலமான மைதானம் உண்டு, விடுதி உண்டு, பயிற்சி ஆசிரியர் உண்டு. பக்கத்துக் கிராமப் பள்ளியில் பந்து ஒன்று இருந்தால் மைதானம் இராது. மைதானம் இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இராது. இவ்விரண்டும் ஒரே களத்தில் மோதி, பெரிய பள்ளி வென்று வாத்தியம் முழங்க வரும்போது, பெற்றோராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்: நம் பிள்ளை யாரை வென்றான்? எதைச் சுமந்து வந்தவனை வென்றான்?

பிரிவினால் இழப்பு எதுவுமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஒரே பந்தயத்தில் ஒரு மகிமை இருந்தது. நகரத்தானும் நாட்டுப்புறத்தானும், வெள்ளையனும் கறுப்பனும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் கண்டார்கள். மைலன் பையன்கள் மன்ஸி பையன்களுக்கு முன் நிமிர்ந்து நின்றதும், அட்டக்ஸ் பிள்ளைகள் தங்களை ஒதுக்கிவைத்த நகரத்துக்கே கோப்பையைக் கொண்டுவந்ததும், எல்லாருக்கும் கதவு திறந்திருந்ததால்தான். எளியவன் எளியவனோடேயே என்றைக்கும் ஆடிக்கொண்டிருந்தால், ‘உன் இடம் இதுதான்’ என்ற எண்ணம் அவன் மனதில் வேரூன்றிவிடும். அப்போது சுமையை அளக்கத் தொடங்கிய பிரிவே ஆளை அளக்கும் பிரிவாக மாறிவிடும். இதை உணர்ந்தோ என்னவோ, இந்தியானாவிலும் 1998, 1999 ஆகிய இரண்டாண்டுகள், நான்கு பிரிவுகளில் வென்றவர்களும் மீண்டும் ஒன்றாக மோதும் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். பின்பு அதைக் கைவிட்டுவிட்டார்கள். கைவிட்டது நஷ்டமென்றே நமக்குத் தோன்றுகிறது. பிரிவுகள் இருக்கட்டும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரிவின் வேலி திறந்து, விரும்பிய சிறியவன் பெரியவனோடு மோதிப் பார்க்க ஒரு வழி இருக்கட்டும். வேலி பயிரைக் காப்பதற்கே; பயிரைச் சிறைவைப்பதற்கல்ல.

விளையாட்டைப் பற்றித் திருச்சபை மௌனமாக இருந்ததில்லை. பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1945-ம் ஆண்டு விளையாட்டு வீரர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கத்தில், சரீரப் பயிற்சி தன்னிலேயே முடிவல்ல, ஆத்துமத்துக்கு ஊழியம் செய்யவேண்டியது என்ற கருத்தை வலியுறுத்தினார். 2018-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் உரோமையிலிருந்து விளையாட்டைப் பற்றித் தனி ஏடே ஒன்று வெளிவந்தது. இவற்றின் வெளிச்சத்தில் பார்த்தால், பள்ளிப் பந்தயத்தின் நோக்கம் மாநிலத்திலேயே சிறந்த ஐவர் யார் என்று கண்டுபிடிப்பதல்ல. அந்த வேலையைப் பெரியவர்களின் பந்தயங்கள் செய்துகொள்ளும். பள்ளிப் பந்தயத்தின் நோக்கம், ஒவ்வொரு பிள்ளையும் தன்னால் இயன்ற முழுமையையும் ஒருமுறையாவது வெளிப்படுத்த ஓர் அவசரம் அமைத்துக் கொடுப்பதே. இந்த நோக்கத்தை ஏற்றுக்கொண்டால் முடிவு தெளிவு. பிரிக்கலாம், சுமையைப் பார்த்துப் பிரிக்கவேண்டும், ஆளைப் பார்த்துப் பிரிக்கக்கூடாது, பிரித்ததை ஒருபோதும் மதிலாக்கிவிடக்கூடாது.

கடைசியாக, இந்த உரைகல்லை நம் வீட்டுக்குள்ளும் கொண்டுவருவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஓட்டத்தோடும் மதிப்பெண்ணோடும் நம் பிள்ளையை ஒப்பிட்டுப் பேசாத நாள் எத்தனை? அப்படிப் பேசும்போது எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம்? இரண்டு தாலந்து பெற்ற பிள்ளையிடம் ஐந்து தாலந்தின் லாபத்தைக் கேட்டு, அது கிடைக்காததால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அந்தப் பிள்ளை மூன்றாவது ஊழியனைப் போலப் பயந்துபோய், உள்ளதையும் மண்ணில் புதைத்துவிட்டால், கணக்குக் கொடுக்கவேண்டியது பிள்ளை மாத்திரந்தானா? அதேபோல, ஐந்து தாலந்து பெற்ற பிள்ளை இரண்டைச் சம்பாதித்துக்கொண்டு வந்து, ‘தெருவிலேயே நான்தான் முதல்’ என்று சொல்லும்போது, கைதட்டி மகிழ்ந்துவிடுவதும் அன்பல்ல.

நம் பிள்ளைகளில் ஒவ்வொருவனுக்கும் சர்வேசுரன் வைத்த சுமை இன்னதென்று அவருக்கே முற்றும் தெரியும். அவர் பார்க்கிறபடி பார்க்கும் கண்ணைப் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் அவர் தந்தருள்வாராக. நம் மாதா, பன்னிரண்டு வயதில் காணாமற்போன தன் திருக்குமாரனை மூன்று நாள் தேடியவள், விளையாடப் போயிருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும், வென்றவர்களையும் தோற்றவர்களையும், வீடுவந்து சேருமட்டும் காப்பாளாக.